சிலம்பம், அடிமுறை, டேக்வாண்டோ - ஒரு கண்ணோட்டம்



நமது சங்க ஆண்டு மலரில் கவிதைக்கும் துணுக்குக்கும் என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. இந்த முறை ஒரு பாடமும் இருந்துவிட்டுப் போகட்டுமே என்றுதான் இதை எழுதுகிறேன். பரீட்சைக்கு வராது, பயப்படாமல் படிக்கலாம்!

விடுதியில் இரவு சாப்பாடு முடிந்து நாலு பேர் உட்கார்ந்தால் போதும், வாரத்துக்கு ஒருமுறையாவது இந்தப் பேச்சு வந்துவிடும். "கராத்தே, குங்ஃபூ, டேக்வாண்டோ எல்லாமே நம்ம ஊர்ல இருந்து போனதுதான்டா" என்பான் ஒருவன். "சும்மா இரு, உங்க சிலம்பம் திருவிழாவுக்குக் கம்பு சுத்துறதுதானே, அதுல சண்டை எங்க இருக்கு?" என்பான் இன்னொருவன். நான் பாலசமுத்திரத்துக்காரன். ஆறாம் வகுப்பிலிருந்து எங்கள் ஊர் வாத்தியாரிடம் கம்பு பழகுகிறேன். நடுவில் இரண்டு வருஷம் பழனியில் டேக்வாண்டோ வகுப்புக்கும் போனேன். இரண்டு பேர் சொல்வதும் எனக்கு ஒத்துவரவில்லை. எந்தக் கலை எங்கிருந்து வந்தது, ஒரே வேரில் முளைத்தவை எப்படி வேறு வேறாகின என்று பார்த்தால், அது விடுதிப் பேச்சைவிட ரொம்ப சுவாரசியமான சங்கதி!

முதலில் அந்தப் போதிதர்மர் கதையை முடித்துவிடுவோம். 2011-ல் 'ஏழாம் அறிவு' படம் வந்த பிறகு இதில் சந்தேகமே வரக்கூடாது என்கிற அளவுக்கு ஆகிவிட்டது. தென்னிந்தியாவிலிருந்து ஒரு துறவி சீனா சென்றார் என்பது பௌத்த மரபில் பழைய செய்தி. ஆனால் அவர்தான் ஷாவோலின் மடத்தில் சண்டைக்கலை கற்பித்தார் என்பது 17-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட 'யீஜின் ஜிங்' என்ற உடற்பயிற்சி நூலை ஒட்டிப் பின்னால் வளர்ந்த கதை. அவர் காலத்துக்கும் அந்த நூலுக்கும் இடையே ஆயிரம் வருஷத்துக்கு மேல் இடைவெளி! டாங் ஹாவ் என்ற சீன ஆராய்ச்சியாளரே 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதை எடுத்துக்காட்டிவிட்டார். நமக்குப் பெருமை வேண்டியதுதான், அதை வேறு இடத்தில் தேடுவோம்.

கொரியாவில் நடந்தது என்ன?

டேக்வாண்டோ வகுப்பில் முதல் நாளே இது ஈராயிரம் ஆண்டுப் பழமையான கலை, சில்லா நாட்டு ஹ்வாராங் வீரர்கள் பழகியது என்று சொல்லித் தருவார்கள். நானும் நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன். உண்மை வரலாறு அதைவிடக் கிட்டத்தில் இருக்கிறது. 1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. அந்தக் காலத்தில் ஜப்பானுக்குப் படிக்கப்போன கொரிய இளைஞர்கள் அங்கே கராத்தே கற்றார்கள். திரும்பி வந்து ஆளுக்கொரு பள்ளி ஆரம்பித்தார்கள். அதற்குப் பெயர் 'குவான்'. 1944-ல் சுங் டோ குவான் தொடங்கிய லீ வோன்-குக், ஃபுனாகோஷியின் ஷோட்டோகான் கராத்தே மாணவர். மூ டுக் குவான், சாங் மூ குவான், ஜி டோ குவான், சோங் மூ குவான் என்று அடுத்தடுத்து வந்தன. ஆரம்பத்தில் அவர்கள் கற்பித்த வரிசைகளே கராத்தே வரிசைகள்தான். ஜப்பானில் 'ஹெய்யான்' என்றது கொரியாவில் 'ப்யோங்ஆன்' ஆனது. எழுத்து ஒன்று, உச்சரிப்பு வேறு.

'டேக்வாண்டோ' என்ற பெயரே 1955-ல் வைக்கப்பட்டதுதான். வைத்தவர் ஜெனரல் சோய் ஹோங் ஹி, அவரும் ஜப்பானில் கராத்தே கற்றவர். நாடு விடுதலை ஆனபின் ஆண்டவன் மொழியிலேயே கலையின் பெயர் இருந்தால் யாருக்குத்தான் பிடிக்கும்? பெயரை மாற்றினார்கள், வரிசைகளை மாற்றினார்கள், காலால் அடிப்பதை உயர்த்தி உயர்த்திக் கலையின் முகத்தையே மாற்றினார்கள். உயரமான உதை நிறைந்த 'டேக்யோன்' என்ற பழைய நாட்டுப்புற ஆட்டம் அங்கே இருந்தது. சோங் டோக்-கி என்ற பெரியவர் (1893-1987) அதைத் தன் உடம்பில் தாங்கி வைத்திருந்து அடுத்த தலைமுறைக்குக் கொடுத்தார். 2011-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது அந்த டேக்யோன்தான். ஆக, டேக்வாண்டோ என்பது கராத்தே என்ற தண்டில் கொரியக் கால் ஒட்டுக்கட்டிய மரம் என்று சொன்னால் அது மிகையாகாது.

ஹாப்கிடோ என்று ஒன்று உண்டே, அது? அது இன்னொரு வேர். சோய் யோங்-சூல் என்பவர் ஜப்பானில் பல வருஷம் இருந்து 'டைடோ-ரியூ' என்ற பிடிமுறையை அறிந்து, 1946 வாக்கில் திரும்பி, டேகு நகரத்தில் கற்பித்தார். கையை முறுக்குவது, பூட்டுப் போடுவது, எதிராளியின் வேகத்தை வைத்தே அவனைத் தள்ளுவது எல்லாம் இதில் அதிகம். ஜப்பானின் அய்கிடோவும் அதே டைடோ-ரியூவிலிருந்து கிளைத்தது. இரண்டு பெயரையும் சீன எழுத்தில் எழுதினால் ஒரே மூன்று எழுத்து! ஜப்பான்காரர் அய்-கி-டோ என்று படிக்கிறார், கொரியாக்காரர் ஹாப்-கி-டோ என்று படிக்கிறார். ஆனால் ஹாப்கிடோவில் பின்னால் உதை சேர்ந்துகொண்டது. அதனால் இன்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அண்ணன் தம்பி என்றே தெரியாது.

இத்தோடு நிற்கவில்லை. டேக்வாண்டோவே இரண்டாக உடைந்தது. 1966-ல் சோய் ஒரு சர்வதேசச் சம்மேளனம் தொடங்கினார். அரசாங்கத்தோடு ஒத்துவராமல் 1972-ல் கனடா போய்விட்டார். 1973-ல் சியோலில் உலக டேக்வாண்டோ சம்மேளனம் வந்தது. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் முழுப் பதக்க விளையாட்டாக ஏறியது இரண்டாவது கூட்டம். முதல் கூட்டத்தின் போட்டியில் முகத்தில் குத்தலாம். இரண்டாவதில் குத்து மார்புக் கவசத்தில் மட்டும், முகத்துக்குக் கால்தான் போகலாம். முகத்தில் குத்து வராது என்றால் கையை எதற்குத் தூக்கி வைத்திருக்க வேண்டும்? கை தானாகக் கீழே இறங்கிவிட்டது, கால் தானாக மேலே ஏறிவிட்டது. பாருங்கள், சட்டப்புத்தகத்தில் ஒரு வரி மாறினால் இருபது வருஷத்தில் உடம்பே மாறிவிடுகிறது!

நம் பக்கம் வருவோம்

சிலம்பம் பழையது. எவ்வளவு பழையது என்று கேட்டால் ஐயாயிரம் வருஷம், அகத்தியர் கொடுத்தது என்பார்கள். எழுத்தில் தேதியோடு கையில் பிடிக்கக்கூடிய சாட்சி வேண்டும் என்றால் எனக்குப் பிடித்தது ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கம்பெனி ராணுவ அதிகாரி எழுதியது. 1830-ல் வெளியான அவரது நினைவுக் குறிப்பில், ஈட்டி எறியவும் வளரி எறியவும் தனக்குக் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது என்று எழுதிவைத்திருக்கிறார். அப்புறம் அதே மருதுவை எதிர்த்து அவர் படையெடுத்ததும் நடந்தது. கற்றுக்கொடுத்த ஆசானைப் பற்றி எதிரி எழுதிய சாட்சி. இதைவிட என்ன வேண்டும்?

நம் வட்டாரத்துக்கும் இதில் பங்கு உண்டு. ஒட்டன்சத்திரத்துக்கும் பழனிக்கும் நடுவே பஸ்ஸில் போகும்போது விருப்பாட்சியைத் தாண்டுகிறோமே, அங்கேதான் கணவரை இழந்த வேலு நாச்சியார் 1772-க்குப் பிறகு கோபால நாயக்கரின் ஆதரவில் சுமார் எட்டு வருஷம் தங்கியிருந்தார். 1780-ல் சிவகங்கையை மீட்டார். கோபால நாயக்கரோ பாளையக்காரர் போரில் 1801-ல் தூக்கிலிடப்பட்டார். அதே வருஷம் டிசம்பர் 1-ஆம் தேதி கம்பெனி அரசு ஓர் அறிக்கை போட்டது. பாளையங்களில் கோட்டை இடிந்தது, ஆயுதம் வைத்திருப்பது குற்றம் ஆனது. 1878-ல் ஆயுதச் சட்டமும் வந்தது.

வாளும் ஈட்டியும் போனபின் கையில் மிச்சம் இருந்தது என்ன? கம்பு! ஆடு மேய்க்கிறவனிடம் கம்பு இருக்கும், வரப்பில் நடக்கிறவனிடம் கம்பு இருக்கும், அதை எந்தச் சட்டம் பிடுங்கும்? சண்டைக்கலை திருவிழாவுக்குள் நுழைந்ததும் இப்படித்தான் என்பது என் எண்ணம். மாரியம்மன் சாட்டில் தப்பு அடிக்க, பந்தம் சுற்ற, கம்பு சுற்ற, அலங்காரம் கூடக்கூட அடி உள்ளே ஒளிந்துகொண்டது. "சும்மா சுத்துறது" என்று சொல்லும் நண்பர்கள் கவனிக்கவும்.

அதே தெற்கே கன்னியாகுமரி மாவட்டத்துக்குப் போனால் காட்சி வேறு. அங்கே வெறுங்கையில் அடிக்கும் அடிமுறை, அதோடு ஒட்டிய வர்மம். வர்மப் புள்ளி 108 என்று கணக்கு. அதில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96. அடிக்கத் தெரிந்த ஆசானே எலும்பு கட்டவும், தைலம் போடவும், வர்மம் கொண்டவரை இளக்கி எழுப்பவும் தெரிந்தவர். இந்தப் பாடங்கள் ஓலையில் தமிழ்ச் செய்யுளாகவே இருந்தன. 1996-ல் 'இந்தியன்' படம் வந்தபோது இரண்டு விரலை நீட்டிக்கொண்டு திரியாத பையனே இல்லை என்று என் மாமா சொல்வார். 2020-ல் 'பட்டாஸ்' படத்தில் அடிமுறையே கதையானது.

இங்கேதான் ஒரு வேடிக்கை. 1956 நவம்பர் 1 வரை கல்குளம், விளவங்கோடு, அகஸ்தீஸ்வரம், தோவாளை தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில் இருந்தன. அன்றைக்குத் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. கோட்டுக்கு இந்தப் பக்கம் 'அடிமுறை' என்கிறோம். அந்தப் பக்கம் அதையே 'தெக்கன் களரி' என்கிறார்கள். வேர் ஒன்று, எல்லைக்கல்லும் மொழியும் பெயரை இரண்டாக்கிவிட்டன. அய்கிடோ, ஹாப்கிடோ கதை ஞாபகம் வருகிறதா?

ஆனால் மலபார் பக்கத்து வடக்கன் களரி உண்மையிலேயே வேறு. பெயரில் மட்டுமல்ல, பாடத்தின் வரிசையிலேயே வேறு. அங்கே முதலில் மெய்ப்பயிற்று, அதாவது உடம்பை வளைத்துத் தாழ்த்திப் பாயும் பயிற்சி. பிறகு மரக்கோல், பிறகு இரும்பாயுதம், கடைசியில்தான் வெறுங்கை. அடிமுறையில் வெறுங்கையே முதல் பாடம். சிலம்பத்தில் முதலில் சலாம் வரிசை, சுவடு என்ற காலடி, உடனே கம்பு. கை மட்டும் வைத்து அடிக்கும் குத்துவரிசை பல வாத்தியார்களிடம் தனிப் பாடம். ஒரு கலை எந்த வீட்டுப் பிள்ளை என்று தெரியவேண்டுமா? அது என்ன செய்கிறது என்று பார்க்காதீர்கள், முதல் நாள் என்ன சொல்லிக் கொடுக்கிறது என்று பாருங்கள். வடக்கன் களரி ஆயுதம் ஏந்தப்போகும் சேவகனைத் தயார் செய்கிறது. அடிமுறை வழியில் திடீரென்று மாட்டிக்கொண்டவனுக்குச் சொல்லித் தருகிறது. இது என் ஊகம்தான், ஆனால் பாட வரிசை அதற்கு ஒத்துப்போகிறது.

சிலம்பத்துக்குள்ளேயே எத்தனை கிளை! நாகம் பதினாறு, குறவஞ்சி, துளுக்காணம், கள்ளர் பத்து, பனையேறி மல்லு என்று பெயர்கள் நீளும். சில பெயரில் பாம்பு இருக்கிறது, சில பெயரில் சாதியும் தொழிலும் இருக்கின்றன. பாடம் அந்தந்தத் தெருவுக்குள் இருந்தது என்பதற்கு இந்தப் பெயர்களே சாட்சி.

மெக்கானிக்கல் நண்பர்களுக்கு மட்டும்

(மற்றவர்களும் படிக்கலாம், தடையில்லை!) கிளைக்குக் கிளை கம்பைப் பிடிக்கும் இடம் மாறும். ஒருவர் நடுவில் பிடிப்பார், ஒருவர் மூன்றில் ஒரு பங்கில், ஒருவர் நுனியில். ஏன் என்று எங்கள் வாத்தியாரைக் கேட்டேன். "தம்பி, நடுவுல புடிச்சா உனக்குக் காவல், கடைசியில புடிச்சா அவனுக்கு அடி" என்றார். அவர் படித்தது ஐந்தாம் வகுப்பு. நாம் அப்ளைடு மெக்கானிக்ஸ் படித்தவர்கள், கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

கம்பு 1.5 மீட்டர், எடை அரை கிலோ என்று வைத்துக்கொள்வோம். நடுவில் பிடித்துச் சுற்றினால் நிலைமத் திருப்புத்திறன் எம்எல் ஸ்கொயர் பை 12. அதாவது ஏறக்குறைய 0.094. நுனியில் பிடித்தால் எம்எல் ஸ்கொயர் பை 3, ஏறக்குறைய 0.375. சரியாக நாலு மடங்கு கனம் கைக்கு! மூன்றில் ஒரு பங்கில் பிடித்தால் எம்எல் ஸ்கொயர் பை 9, அதாவது 0.125. நடுப்பிடியைவிட மூன்றில் ஒரு பங்குதான் கூடுதல். நீளமோ முக்கால் மீட்டரிலிருந்து ஒரு மீட்டர் ஆகிறது. பின்பக்கம் மிஞ்சும் அரை மீட்டர் எதிர்எடையாகவும் இருக்கும், முழங்கைக்குக் காவலாகவும் இருக்கும். நிறைய வாத்தியார்கள் அந்த இடத்தில் பிடிக்கச் சொல்வதன் ரகசியம் இதுதான்.

இன்னும் ஒரு வேடிக்கை. நடுவில் பிடித்து நொடிக்கு 3 சுற்று சுற்றினால் நுனியின் வேகம் நொடிக்கு 14 மீட்டர், அதாவது மணிக்கு 50 கிலோமீட்டர். நுனியில் பிடித்தவருக்கு அதே வேகம் வர ஒன்றரைச் சுற்றே போதும். இரண்டிலும் கம்பிலுள்ள இயக்க ஆற்றலைக் கணக்கிட்டுப் பாருங்கள், கிட்டத்தட்ட 16.7 ஜூல், இரண்டும் ஒன்றே! வித்தியாசம் எங்கே? நடுப்பிடிக்காரரின் கம்பு அரைச்சுற்று திரும்ப ஆறில் ஒரு நொடி. நுனிப்பிடிக்காரருக்கு மூன்றில் ஒரு நொடி. முன்னவருக்கு நேரம் லாபம், பின்னவருக்குத் தூரம் லாபம். நெருக்கமான தெருவில் நடுப்பிடியும், திறந்த களத்தில் நுனிப்பிடியும் வளர்ந்ததில் ஆச்சரியமே இல்லை. வாத்தியாரின் ஒரு வரிக்கு நமக்கு அரைப் பக்கம் கணக்கு!

கம்பு மூங்கிலில் இருப்பதற்கும் காரணம் உண்டு. சுவர் கனத்த கல்மூங்கிலாகப் பார்த்து எடுப்பார்கள். வளைவைத் தாங்குவது வெளிச்சுற்று நார்தான், நடுப்பாகம் சும்மா எடைக்கு. கணு இருக்கும் இடமெல்லாம் உள்ளே தடுப்பு வைத்த குழாய் மாதிரி, நசுங்கவிடாது. ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பேப்பரில் ஹாலோ ஷாஃப்ட் கணக்கில் திண்டாடுகிறவர்கள் ஒரு கம்பை வாங்கிக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் புரிந்துவிடும்.

இப்போது என்ன நடக்கிறது?

2021-ல் தமிழக அரசு, வேலைவாய்ப்பில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டில் சிலம்பத்தையும் சேர்ப்பதாக அறிவித்தது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டியில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. நல்ல சேதி. எங்கள் ஊரில் பெண்பிள்ளைகள் கம்பெடுத்து வருவது இப்போதுதான் அதிகமாகியிருக்கிறது. ஆனால் போட்டி என்றால் ஒரே சட்டம் வேண்டும், ஒரே சட்டம் என்றால் எல்லாரும் ஒரே மாதிரி ஆட வேண்டும். கொரியாவில் ஒன்பது குவான்கள் 1970-களில் ஒன்றாகக் கலந்தன. ஒலிம்பிக் கிடைத்தது. ஒவ்வொரு குவானும் தனியாக வைத்திருந்த வரிசைகள் ஓரத்துக்குப் போயின. மூ டுக் குவானில் ஒரு பகுதியினர் சேரமாட்டோம் என்று 'டாங் சூ டோ', 'சூ பாக் டோ' என்ற பெயர்களில் பிரிந்து நின்றதால்தான் அவர்கள் பாடம் இன்றும் தனியாகத் தெரிகிறது.

நம் வட்டாரத்தில் நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் எழுதி வைத்ததே இல்லை. கொரியாவில் 1790-லேயே அரசர் உத்தரவில் 24 வகைப் பயிற்சியைப் படம் போட்டு ஒரு நூல் ஆக்கினார்கள். அதில் கம்புக்கும் ஓர் இடம் உண்டு, வெறுங்கைக்கும் ஓர் இடம் உண்டு. நம் பாடமோ வாத்தியாரின் உடம்பிலேயே இருக்கிறது. அவரோ கடைசிப் பாடத்தைப் பையனின் குணம் பார்த்துத்தான் தருவார், அடுத்த தெருப் பையனுக்குத் தரவே மாட்டார். எங்கள் பக்கம் இரட்டைக் கம்புக் கோர்வை ஒன்று ஒரே ஒரு பெரியவரிடம் இருந்தது. தெருத் தகராறில் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அவர் சொல்லித் தரவில்லை, அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் கற்றுக்கொள்ள வரவில்லை. நான் பத்தாவது படிக்கும்போது அவர் காலமாகிவிட்டார். அந்தக் கோர்வையைப் பார்த்தவர்கள் ஊரில் இருக்கிறார்கள். ஆடத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. இந்த ஒரு விஷயத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது.

நமக்குத்தான் டிராயிங் போர்டு இருக்கிறதே! சுவடு என்பது காலடி வைக்கும் இடம், அதை மேலிருந்து பார்த்தால் பிளான் வியூ. இடது காலுக்கு ஒரு குறி, வலது காலுக்கு ஒரு குறி, திரும்பும் கோணம் டிகிரியில், கம்பின் நிலை சென்டர் லைனில். சிவில் பிரிவு நண்பன் ஒருவனும் நானும் சேர்ந்து டிசம்பர் விடுமுறையில் வாத்தியாரை ஆடவைத்துச் சாக்பீஸால் தரையில் குறித்து, அளந்து, நாலு சுவடுகளைத் தாளில் ஏற்றியிருக்கிறோம். முதலில் அவர் சம்மதிக்கவே இல்லை. "தாள்ல போட்டா கண்டவனும் பாப்பானே தம்பி" என்றார். அப்புறம் வரைந்ததைக் காட்டியபோது தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மூன்றாவது சுவடில் வலது கால் நான்கு விரற்கடை உள்ளே வரவேண்டும் என்று திருத்தினார். ஐந்தாவது சுவடில் உட்கார்ந்து எழ வேண்டியிருக்கிறது. அவருக்கு முழங்கால் வலி. பங்குனி உத்திரக் கூட்டம் கலைந்த பிறகு வரச் சொல்லியிருக்கிறார். ட்ரேசிங் ஷீட் உபரியாக வைத்திருக்கும் நண்பர்கள் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டில் என்னைப் பார்க்கவும்.